திடலில் தொடங்க வேண்டிய பேச்சு: சமூக விளையாட்டும் பெண்கள் மீதான வன்முறையும் – தஞ்சோங் கிளிங் வட்டாரத்தை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

பெண்கள் மீதான வன்முறை பற்றிய கூட்டங்களுக்குப் பெரும்பாலும் பெண்களே வருகிறார்கள். கேட்க வேண்டிய ஆண்களோ காற்பந்துத் திடலில் இருக்கிறார்கள். மலாக்காவின் தஞ்சோங் கிளிங் போன்ற ஊர்களில் இப்பேச்சைத் திடலிலேயே தொடங்கலாம். ஆனால் அது ஒருநாள் போட்டியோடு முடியாமல் வாராந்தரப் பயிற்சியின் பகுதியாக அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. வரலாற்றுப் பின்னணி

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் எழுந்த தோட்டங்களில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில், பள்ளி, கள்ளுக்கடை, திடல் என எல்லாம் அருகருகே அமைந்தன. பெண்களும் ஆண்களைப் போலவே பெரட்டில் (காலை அணிவகுப்பில்) நின்று பால்மரம் வெட்டினார்கள். மாலையில் திடல் ஆண்களுக்கு, அடுப்படி பெண்களுக்கு என்றானது. பலகைச் சுவர் தாண்டிக் கேட்ட அடிதடி ‘புருஷன் பொண்டாட்டி சண்டை’ என்று ஒதுக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்த பிறகும் இந்த மௌனம் உடன் வந்தது.

3. விளையாட்டின் இரு முகம்

இந்த மௌனத்தைக் கலைக்க விளையாட்டு உதவலாம். ஆனால் அது தானாகவே நற்பண்பைக் கற்பித்துவிடாது. 2002, 2006, 2010 உலகக் கிண்ணப் போட்டிகளை ஒட்டி இங்கிலாந்தின் லங்காஷயரில் இல்ல வன்முறைப் புகார்களை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். இங்கிலாந்து வென்ற அல்லது சமன் கண்ட நாள்களில் புகார்கள் 26 விழுக்காடும், தோற்ற நாள்களில் 38 விழுக்காடும் கூடியிருந்தன. ‘பொம்பள மாதிரி ஆடாதடா’ என்று பயிற்றுநர் அதட்டும்போதும் பெண் இழிவானவள் என்ற பாடமே பையனுக்குப் போகிறது. அதே பயிற்றுநரின் சொல் நன்மையும் செய்யும் என்பதைக் கீழ்வரும் சான்றுகள் காட்டும்.

4. சான்றுகள்

4.1 அமெரிக்கா: சாக்ரமெண்டோ வட்டாரத்தின் 16 உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்றுநர்கள் வாரந்தோறும் சில நிமிடங்கள் பெண்களை மதிப்பது பற்றி வீரர்களோடு பேசினார்கள். 2012இல் முதல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, காதலியரிடம் வன்மமாக நடந்துகொள்வது அந்த அணிகளில் ஒப்பீட்டளவில் குறைந்திருந்தது.

4.2 மும்பை: இதே முறையைப் ‘பரிவர்த்தன்’ திட்டம் கிரிக்கெட் பயிற்றுநர்கள் வழியே செயல்படுத்தியது. பையன்களின் பார்வை மாறியது. ஆனால் கண்முன் நடக்கும் தவற்றைத் தடுத்துப் பேசும் துணிவு அந்த அளவுக்கு வளரவில்லை. பின்னர் சிவாஜி நகர்ச் சேரியில் சிறுமியரைக் கபடி வழியே ஒன்றுசேர்த்தார்கள். பொது இடத்தில் நின்று ஆடும் உரிமையே அங்கு முதல் பாடமாயிற்று.

5. தஞ்சோங் கிளிங்குக்கான வழி

5.1 பயிற்றுநர்: தந்தையின் சொல்லைத் தட்டும் பையனும் பயிற்றுநர் சொன்னால் கேட்பான். ஆகவே முதலில் பயிற்சி பெற வேண்டியவர் அவரே.

5.2 திடல் நேரம்: பெண்களுக்கும் வாரத்தில் உறுதியான ஆட்ட நேரம் வேண்டும். பரிசளிப்பில் மாலை ஏந்தி நிற்பது பங்கேற்பு ஆகாது.

5.3 உதவி வழி: விழிப்புணர்வு பெற்ற பெண் அடுத்து எங்கே போவாள் என்பதை அணியினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2017இல் செய்த திருத்தத்தின்படி சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அது 7 நாள் செல்லும். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிகிச்சையோடு ஆலோசனையும் கிடைக்கும். தாலியான் காசே என்னும் உதவித் தொலைபேசி எண் 15999 நாள் முழுதும் இயங்குகிறது.

6. முடிவு

வன்முறை எதிர்ப்பின் அடையாளமாக வெள்ளை நாடா குத்திக்கொண்டு ஓடும் ஒருநாள் ஓட்டம் செய்தியாகும், பழக்கத்தை மாற்றாது. மும்பைச் சான்று காட்டும் குறையும் கவனத்திற்குரியது: கருத்தை மாற்றுவதோடு நில்லாமல், தடுத்துப் பேசவும் பையன்களைப் பழக்க வேண்டும். இல்லத்தில் கை ஓங்கும் ஆட்டக்காரர் எவ்வளவு திறமைசாலியானாலும் அணியில் இடமில்லை என்று விளையாட்டு மன்றங்கள் தம் விதிகளில் எழுதட்டும். அந்த விதியைத் தலைசிறந்த ஆட்டக்காரர்மீதும் செலுத்தும் மன்றமே இப்பணிக்குத் தகுதியுடையது.