பெற்றாரின் பயத்தைக் கேட்டவர்



பெற்றார் கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: "எங்கட சனத்துக்குப் படிப்புல அக்கறை இல்ல."

1880களிலும் நிலைமை இப்படித்தான். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைப் பக்கம் போனது குறைவு. அவற்றில் பல மிஷனரிமாருடையவை. பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடுமோ என்று வாப்பாமார் பயந்தார்கள்.

கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்திலெவ்வை அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிப் பெற்றாரோடு பேசினார். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்றார். 1884இல் கொழும்பில் திறந்த மத்ரஸா ஆதரவில்லாமல் நின்றுபோனது. (ஆள் வராத கவலை அவருக்கும் இருந்திருக்கிறது!) 1892இல் வாப்பிச்சி மரிக்கார் போன்றோரின் உழைப்போடு மருதானையில் ஸாஹிரா எழுந்தது.

அவர் அரபுத் தமிழிலும் பாடநூல் எழுதினார். எங்கள் உம்மும்மாமாரில் பலர் தமிழ் எழுத்து அறியாமலே குர்ஆன் ஓதியவர்கள். அந்த எழுத்தில் தமிழை எழுதினால் அடுப்படி வரைக்கும் போகும்.

நாங்கள் அனுப்புவதோ "தவறாது சமுகமளிக்கவும்" என்ற துண்டு.

போன தவணை ஓர் உம்மாவிடம் ஏன் வருவதில்லை என்று கேட்டோம். "வந்தா எல்லாருக்கும் முன்னால புள்ளய ஏசுவீங்க, சேர்" என்றார். அந்தப் பிள்ளை நன்றாகச் சித்திரம் வரையும். இதுவரை நாங்கள் அதை அவரிடம் சொன்னதில்லை. திங்கட்கிழமை சித்திரக் கொப்பியோடு அவர் வீட்டுக்குப் போகிறோம்.