தூக்கா, ஆயுளா: கொலைத் தண்டனை குறித்த தமிழகப் பொதுக்கருத்தின் வரலாறு

கொலைக் குற்றத்திற்குத் தூக்குத் தண்டனை தகுமா, ஆயுள் தண்டனை போதுமா என்ற கேள்விக்குத் தமிழக மக்கள் ஒரே விடையை எக்காலத்திலும் சொன்னதில்லை. 2011இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தூக்குக்கு எதிராகத் தமிழகம் திரண்டு நின்றது. அதற்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்திற்கு முன்னர், கோவையில் கொலை வழக்கில் கைதான ஒருவர் போலீஸ் காவலில் சுட்டுக்கொல்லப்பட்டபோது பட்டாசு வெடித்துக் கொண்டாடவும் செய்தது. இவ்விரண்டு மனநிலைகளும் எங்கிருந்து வந்தன என்பதைப் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தை மையமாக வைத்து இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

களம்

அம்மாவட்டத்தின் ஓர் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தியாகதுருகம் உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே அமைந்த பேரூர். தென்னார்க்காடு, 1993 முதல் விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி என இவ்வூரின் மாவட்டம் மாறிவந்துள்ளது. மேற்கேயுள்ள கல்வராயன் மலை 1970களின் நடுப்பகுதி வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினரின் பிணக்குகளை அங்கே ஊர்ப் பெரியவர்களே கூடித் தீர்த்துவந்தனர்.

தியாகதுருகத்தில் ஒரு கொலை நடந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வழியே அமர்வு நீதிமன்றத்தை அடைகிறது. அமர்வு நீதிபதி ஆயுள் தண்டனை விதித்தால் அது உடனே நடப்புக்கு வரும். தூக்கு விதித்தால் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்யாத வரை அதை நிறைவேற்ற முடியாது. அதன்பின் உச்சநீதிமன்ற மேல்முறையீடு, மறுஆய்வு மனு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு எனப் பல படிகள் உண்டு. பொதுக்கருத்து வலுவாகத் தலையிட்டதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான்.

அரசர் காலம்

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம், கொலைஞரை வேந்தன் ஒறுப்பதைப் பயிரில் களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறது. அதே நூல் கொல்லாமைக்கும் தனி அதிகாரம் வகுத்துள்ளது. விசாரியாமல் ஒருவனைக் கொல்லச் செய்த பாண்டியன், பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆக, தண்டிக்கும் அரசின் கடமை, உயிர் பறிக்கும் தயக்கம், தவறான தீர்ப்பின் அச்சம் ஆகிய மூன்றும் தமிழில் மிகப் பழையவை.

கல்வெட்டுகள் நடைமுறையைக் காட்டுகின்றன. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஓர் ஆணை உள்ளது. இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளும் உடன்பிறந்தார், மக்கள், பெண் கொடுத்தார், பெண் எடுத்தார் என நீளும் உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டன. பட்டத்து இளவரசனைக் கொன்ற குற்றத்திற்கான அந்த ஆணையில் தலை வாங்கிய செய்தி இல்லை. வேட்டையில் தவறுதலாக ஆளைக் கொன்றவர் கோயிலில் நந்தாவிளக்கு எரிய ஆடுகளை விட்டுப் பழி தீர்த்ததாகச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல சொல்கின்றன. ஒரு விளக்குக்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள். கொன்றவன் கெட்ட நோக்கத்தோடு கொன்றானா என்பதை ஊர்ச்சபைகள் அன்றே எடைபோட்டிருக்கின்றன.

ஆங்கிலேயர் சட்டம்

தூக்கை மக்கள் கண்முன் நிறுத்தும் காட்சியாக ஆக்கியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியார். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். தமிழ் மக்களின் நினைவில் தூக்குமரம் அன்றிலிருந்து குற்றவாளிக்கு மட்டும் உரியதாக இல்லாமல், ஆட்சியை எதிர்த்தவனுக்கும் உரியதாயிற்று.

1862 சனவரி முதல் நடப்புக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு, கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் முழுதும் நாடுகடத்தல் என்றது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தூக்கே வழக்கமான தண்டனை. நீதிபதி தூக்கைத் தவிர்த்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதும், அதே ஆண்டு காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் மரண தண்டனை கூடாது என்ற வாசகம் இடம்பெற்றது. தொழிற்சங்கப் போராட்டத்தையொட்டிய கொலை வழக்கில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். கொங்குநாட்டில் இன்றும் அந்த நாளில் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது.

விதி தலைகீழானது

விடுதலைக்குப் பின் சட்டம் படிப்படியாக ஆயுள் தண்டனையின் பக்கம் நகர்ந்தது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம், தூக்கைத் தவிர்க்கக் காரணம் எழுதும் கட்டாயத்தை நீக்கியது. நாடுகடத்தல் ஆயுள் சிறையாயிற்று. 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டமோ, தூக்கு விதிக்கத்தான் சிறப்புக் காரணம் வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என வரையறுத்தது. நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். தமிழகத்திலிருந்து சென்ற வதீசுவரன் வழக்கில், 1983இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி, இரண்டாண்டுக்கு மேல் தூக்கை எதிர்நோக்கி வைக்கப்பட்ட கைதியின் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றார். அந்த இரண்டாண்டு வரம்பு பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும் தாமதமும் ஒரு வதை என்ற கருத்து வேரூன்றியது.

தென்னார்க்காட்டுத் தூக்குக் கைதிகள்

இக்காலத்தில் தமிழ்ப் பொதுக்கருத்தை அசைத்தவர்களில் முதன்மையானவர் பெண்ணாடத்தை அடுத்த சௌந்திரசோழபுரத்தைச் சேர்ந்த புலவர் கலியபெருமாள். தமிழாசிரியராக இருந்து நக்சல்பாரி இயக்கத்திற்குச் சென்ற அவருக்கும் அவருடைய மூத்த மகனுக்கும் 1970களின் தொடக்கத்தில் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டது. குடும்பத்தாரும் சிறை சென்றனர். எதிர்ப்பியக்கம் எழுந்தது, தூக்கு ஆயுளாயிற்று. 1983இல் வெளிவந்த அவர், தம் தன்வரலாற்றுக்கு ‘மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்’ என்று பெயரிட்டார். இதே காலத்தில் தூக்கு விதிக்கப்பட்டு ஆயுளாகக் குறைக்கப்பெற்ற தியாகு, சிறையிலேயே மார்க்சின் ‘மூலதன’த்தைத் தமிழாக்கினார். சி. ஏ. பாலனின் ‘தூக்குமர நிழலில்’ தொடங்கி இத்தகைய நூல்கள் தூக்குக் கைதியின் கொட்டடியைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுவந்தன. மனிதன் மாறுவான் என்ற வாதத்திற்கு இவர்களே உயிருள்ள சான்றாயினர்.

சேலம், 1995

எல்லாத் தூக்குக் கைதிகளுக்கும் அந்தப் பரிவு கிட்டவில்லை. திருவான்மியூர்த் தொடர்கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் எழுதிய தன்வரலாற்றை வெளியிடும் உரிமைக்காக ‘நக்கீரன்’ இதழ் நடத்திய வழக்கு, 1994இல் பத்திரிகைச் சுதந்திரம், அந்தரங்க உரிமை ஆகியவற்றில் முன்மாதிரித் தீர்ப்பாயிற்று. அதிகாரிகள், அரசியல்வாதிகள் சிலரின் தொடர்பு பற்றி அவர் சொன்னவை நாடெங்கும் பேசப்பட்டன. அவர் உயிருக்காகத் தெருவில் பெரும் இயக்கம் எழவில்லை. தமிழகத்தில் நிறைவேற்றப்பட்ட கடைசித் தூக்கு அதுவே.

இருபத்தாறு பேரிலிருந்து மூவர் வரை

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவருடன் பொதுமக்களும் காவலர்களும் மாண்டனர். 1998 சனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. பழ. நெடுமாறன் தலைமையில் உயிர்காப்புக் குழு அமைந்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மூவருக்கு ஆயுளும் நால்வருக்குத் தூக்கும் என்றது. சோனியா காந்தியின் வேண்டுகோளும் அமைச்சரவைப் பரிந்துரையும் சேர, 2000இல் நளினியின் தூக்கை ஆளுநர் ஆயுளாக்கினார்.

முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் கருணை மனுக்கள் பதினோராண்டுக்குப் பின் 2011 ஆகஸ்டில் தள்ளுபடியாயின. செப்டம்பர் 9 தூக்கு நாள் எனக் குறிக்கப்பட்டது. கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் உண்ணாநிலை இருந்தனர். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து மாண்டார். தமக்கு அதிகாரமில்லை என்று மறுநாள் சட்டமன்றத்தில் கூறிய முதலமைச்சர் ஜெயலலிதா, ஆகஸ்ட் 30 அன்று தூக்கை ஆயுளாகக் குறைக்கக் கோரும் தீர்மானத்தைத் தாமே கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அதே நாளில் உயர்நீதிமன்றம் எட்டு வாரத் தடை விதித்தது. நீதிமன்ற வளாகத்தில் நிரம்பியிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு நாளுக்குள் ஓர் அரசின் நிலையை மாற்றும் அளவுக்குப் பொதுக்கருத்து வலிமை பெற்றிருந்தது.

2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த முன்னாள் சிபிஐ அதிகாரி, அவர் சொன்னதில் ஒரு முக்கியப் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகக் கூறினார். 2014 பிப்ரவரி 18 அன்று தாமதத்தைக் காரணம் காட்டி உச்சநீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையாயினர். திருப்பெரும்புதூரில் மாண்டவர்களின் குடும்பத்தாரும் அன்று காயம்பட்டவர்களும் இவ்விடுதலையைத் தொடர்ந்து எதிர்த்தனர். அவர்களின் துயரமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

தூக்கு கேட்ட குரல்கள்

2010இல் கோவையில் இரு சிறார்கள் கடத்திக் கொல்லப்பட்டபோது நகரமே கொதித்தது. கைதானவர்களில் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டதும் இனிப்பு வழங்கப்பட்டது. 2017இல் சென்னை போரூரை அடுத்த பகுதியில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கிலும் தூக்கு கேட்ட குரலே ஓங்கியிருந்தது. விசாரணை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் 2018இல் அதையே விதித்தன. 2025 அக்டோபரில், வழக்கு முறையாக நடத்தப்படவில்லை, சான்றுகள் நிறுவப்படவில்லை என்று கூறி உச்சநீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. தூக்கு நிறைவேறியிருந்தால் விடுவிக்க ஆள் இருந்திருக்காது.

சாதி ஆணவக் கொலைகளில் வேறொரு தர்க்கம் செயல்பட்டது. விருத்தாசலம் பகுதியில் 2003இல் கண்ணகி, முருகேசன் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கும், காவல் துறையினர் உட்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. உயர்நீதிமன்றம் 2022இல் தூக்கை ஆயுளாக்கியது. தூக்கைக் கொள்கையளவில் எதிர்ப்பவர்களுள் பலரும், பதினெட்டு ஆண்டுக்குப் பின் வந்த அத்தீர்ப்பை வரவேற்றனர். சாதி வெறிக்கு எதிரான கண்டனமாக அதை அவர்கள் கண்டனர்.

ஆயுள் என்றால் எத்தனை ஆண்டு

தெருவிலும் டீக்கடையிலும் இக்கேள்விக்கு வரும் விடை, ‘பதினாலு வருஷம்’. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் சிறை என்பது உயிருள்ள வரையிலான சிறை என 1961இலேயே உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433அ பிரிவு, தூக்குக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரைப் பதினான்கு ஆண்டுக்கு முன் விடக் கூடாது என்றது. குறைந்தபட்ச வரம்பான அதையே மக்கள் தண்டனையின் அளவாக எடுத்துக்கொண்டனர்.

இந்த எண்ணத்திற்கு ஆட்சியாளர்களும் காரணம். 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடுதலையாயினர். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோரைக் கொன்ற வழக்கில் ஆயுள் பெற்றவர்களில் 13 பேர் 2019இல் எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டி வெளியே வந்தனர். தருமபுரியில் 2000 பிப்ரவரி 2 அன்று பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் கல்லூரி மாணவியர் மூவர் மாண்ட வழக்கில், தூக்கு விதிக்கப்பட்ட மூவருக்கு 2016இல் அது ஆயுளாயிற்று. 2018 நவம்பரில் அவர்களும் விடுவிக்கப்பட்டனர். ஆயுள் தண்டனையின் மீது மக்களுக்கிருந்த நம்பிக்கையை இத்தகைய விடுதலைகளே கரைத்தன.

இதற்கு நீதிமன்றங்கள் கண்ட வழி நடுப்பாதை. 2008இல் தொடங்கி, 2015 டிசம்பரில் முருகன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்திய முறைப்படி, தண்டனைக் குறைப்பின்றி 25, 30 ஆண்டுகள் அல்லது வாழ்நாள் முழுதும் என உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் வரையறுக்கலாம். சாதி ஆணவக் கொலையான உடுமலைப்பேட்டை சங்கர் வழக்கில் ஐவரின் தூக்கு, 2020இல் இவ்வாறே குறைந்தது 25 ஆண்டு தண்டனைக் குறைப்பற்ற ஆயுள் சிறையாக மாறியது.

இன்றைய நிலை

1967இல் சட்ட ஆணையம் தூக்கு தொடர வேண்டும் என்றது. 2015இல் நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான ஆணையம் பயங்கரவாதக் குற்றங்கள், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகியவை தவிர மற்றவற்றில் அதை நீக்கலாம் என்றது. அது சட்டமாகவில்லை. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவும் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் என்கிறது.

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த சில நாள்களில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமான சாராய வியாபாரிக்கு ஆயுள் வரை கடுங்காவலும் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பெருந்துயரின் கொதிப்பிலும் தமிழகச் சட்டமன்றம் எட்டிய எல்லை ஆயுள்தான்.

இந்த நீண்ட வரலாற்றில் தூக்கு கேட்ட குரலின் அடியில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று: குற்றவாளி நாளை வெளியே வந்து நம் கண்முன் நடப்பான் என்ற அச்சம். தூக்கு அந்த அச்சத்தைப் போக்குகிறது. தவறான தீர்ப்பைத் திருத்தும் வாய்ப்பையும் அதனுடன் அழிக்கிறது. நம்பத்தக்க ஆயுள் தண்டனை முதலாவதைச் செய்து, இரண்டாவதைக் காக்கும். அதற்கு முன்விடுதலை தலைவர்களின் பிறந்தநாள் பரிசாக இருக்கக் கூடாது. கைதியின் மாற்றத்தை எடைபோட்டு, கொலையுண்டவரின் குடும்பத்தாரைக் கேட்டு, காரணம் எழுதி வழங்கும் முடிவாக அது இருக்க வேண்டும். தமிழகம் தூக்கின்றி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஆயுள் தண்டனையை அது நேர்மையாக நடத்தினால் தூக்கு கேட்கும் காரணமே குறையும்.