விரால்: தரங்கம்பாடி குளத்திலிருந்து கண்ணாடித் தொட்டி வரை

விரால் என்றதும் தஞ்சை, திருவாரூர், நாகை மக்களுக்கு நினைவு வருவது குழம்புதான்! வெளிநாடுகளிலோ, பெரிய வேட்டை மீன் ஒன்றை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தேடும் மீன்களில் விரால் இனமும் ஒன்று.

இந்த மீனை அறிவியல் உலகுக்குக் கொடுத்ததே காவிரி டெல்டாதான். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. 1771-ல் அங்கு வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், சுற்றுவட்டார மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பி வந்தார். பிளாக் 1793-ல் விராலுக்கும், அதன் தம்பியான குரவைக்கும் லத்தீன் பெயர் சூட்டினார். 1801-ல் பாரிஸில் லசிபேட் என்ற அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், 'விரால்', 'குரவை' என்ற தமிழ்ச் சொற்களையே திரித்து 'ஓபிசெபாலஸ் விரால்', 'ஓபிசெபாலஸ் கருவே' என்று எழுதி வைத்தார். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் அந்தத் தமிழ்ப் பெயர்கள் நிலைக்கவில்லை. (நிலைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!) இன்று விராலின் பெயர் சன்னா ஸ்ட்ரியாட்டா.

பெர்லினில் இந்த மீன் இருந்தது பாட்டிலுக்குள், செத்துப்போய். உயிரோடு வைத்துக்கொள்ளும் வித்தை டெல்டாக்காரர்களிடம் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய குடத்தில் போட்டால் சந்தை வரை துடிப்பாகவே போகும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும். காரணம், விரால் செவுளை மட்டும் நம்பி இல்லை. தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிறது. மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவதா என்று சிரிக்க வேண்டாம், உண்மை அதுதான்.

தொட்டியில் வைக்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். தொட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, மூடிக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி வேண்டும். அந்த மூடியும் கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழும். கடையில் பார்க்கும்போது செக்கச்செவேல் என்ற குஞ்சு கொள்ளை அழகு. ஆனால் நிறம் சீக்கிரம் மங்கிவிடும், உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். மூன்றடி வரை வளரக்கூடிய மீனுக்கு ஆறடித் தொட்டியே நெருக்கடிதான். வாயில் அடங்கும் எந்த மீனையும் கூட விட முடியாது. அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு அசாமின் சன்னா பிளெஹெரி பொருத்தமானது. அதே குடும்பம்தான், அரை அடி அளவில் நின்றுவிடும்.

இடத்தை யோசிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து சாட்சி. அங்கு ஒருவர் நோயுற்ற சகோதரிக்கு சூப் வைப்பதற்காக நியூயார்க் சந்தையிலிருந்து இரண்டு வடக்கத்திய விரால்களை உயிரோடு வரவழைத்தார். (உடம்பு தேற விரால் கொடுப்பது நம் ஊர் வழக்கமும்தான்.) சகோதரி அதற்குள் குணமாகிவிட, மீன்கள் தொட்டிக்குப் போயின. பெரிதாகி, தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் போகவே, கிராஃப்டன் ஊர்க் குளத்தில் விட்டுவிட்டார். 2002-ல் அந்தக் குளத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள்! பெற்றோர் இரண்டும் கூடவே இருந்து காவல் காக்கும் இனம் ஆயிற்றே. குளம் முழுவதற்கும் விஷம் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விரால் குடும்பம் மொத்தத்தையும், தரங்கம்பாடி விராலையும் சேர்த்து, உயிரோடு நாட்டுக்குள் கொண்டுவர அமெரிக்க அரசு தடை போட்டது.

அந்தக் குளம் ஒழிந்தது. ஆனால் 2004-ல் பொடோமாக் ஆற்றில் வடக்கத்திய விரால் அகப்பட்டது, இன்றுவரை அங்கே பெருகி வாழ்கிறது. 2024-ல் மேரிலாந்து சட்டம் போட்டு அதற்கு 'செசபீக் சன்னா' என்று பெயரை மாற்றியது. பழைய பெயரில் பாம்பு இருந்ததால் சாப்பிடத் தயங்குகிறார்களாம்!