அன்வயதத்தி: முன்னோர் பொருளைப் பெறுதலும் விடுத்தலும்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் நம் முன்னோர் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வருகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. வீட்டை விற்பதென்று உடன்பிறந்தார் கூடி முடிவு செய்தபின், ஒரு நாள் பரணிலிருந்து பொருள்கள் இறக்கப்படுகின்றன. பித்தளை அண்டா, தாமிரத் தவலை, மரக்கால், குத்துவிளக்கு, தேக்குப் பெட்டி, பெட்டிக்குள் பழந்துணியில் பொதிந்த ஏட்டுக் கட்டு ஒன்று. நகரத்துக் குடியிருப்பில் இவற்றுக்கு இடமில்லை. அவற்றைக் கழித்துவிடலாம் என்பார் சிலர். அப்பா வைத்திருந்ததை எப்படிக் கழிப்பது என்பார் சிலர். ஈற்றில் பாத்திரங்கள் எடைக்குப் போகின்றன. ஏட்டுக் கட்டு பிரிக்கப்படாமலே வேறொரு வீட்டின் பரணுக்கு ஏறுகிறது, அல்லது எங்கோ மறைகிறது.

கழிப்பதா, வைத்துக்கொள்வதா என்னும் இவ்விரு வழிகளே நமக்கு உள்ளனவா? நம் சமயமும் நம் வரலாறும் இதற்கு வேறொரு விடை வைத்திருக்கின்றன. அதனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபுரிமையும் ஒரு தானமே

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. துறவியர் எல்லாவற்றையும் விடுகின்றனர். இல்லறத்தார் தமக்குரிய பொருளுக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்கின்றனர். இதுவே பரிக்கிரக பரிமாணம். சிராவகர் ஏறவேண்டிய பதினொரு படிகளுள் ஒன்பதாவதாகிய பரிக்கிரகத் தியாகத்தில், இல்லறத்தான் தன் உடைமையைத் தானே முன்வந்து ஒப்படைத்து விடுகிறான். ஆகவே, பொருளை விடுத்தல் என்பது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. நம் வாழ்வின் ஒழுங்கில் அதற்கென ஒரு படியே அமைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் எப்படி விடுத்தல் வேண்டும் என்பதே கேள்வி. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த ஜினசேனாசாரியர், தம் ஆதிபுராணத்தில் கொடையை நான்காகப் பகுத்தார். உயிர்கள்மேல் இரங்கி அவற்றின் அச்சம் நீக்குவது தயாதத்தி. தவத்தோர்க்கு உணவு முதலியன அளிப்பது பாத்திரதத்தி. ஒழுக்கத்தில் தமக்கு ஒத்தவர்க்கு அளிப்பது சமதத்தி. நான்காவது அன்வயதத்தி, சகலதத்தி என்றும் இதனைக் கூறுவர். தன் குலம் நிலைபெறும் பொருட்டு ஒருவன் தன் மகனுக்குக் குடும்பத்தை ஒப்படைப்பது இது. அவ்வாறு ஒப்படைக்கும்போது அறமும் செல்வமும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும் என்பது ஆசாரியர் கருத்து.

இதன் ஆழத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தை மகனுக்கு விட்டுச்செல்வதையும் ஆசாரியர் தானத்தின் வரிசையிலே வைத்தார். எனவே நமக்கு வந்த பொருள் நாம் பெற்ற தானமாகும். தானம் பெற்றவனுக்குப் பொறுப்புண்டு. அறமும் பொருளும் சேர்ந்து வந்தனவாயின், பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அறத்தை மறப்பதும் குறை. பொருளோடு சேர்த்து அறத்தையும் வெளியே எறிவதும் குறை.

சீவகன் கண்ட பலாப்பழம்

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் இறுதிப் பகுதியாகிய முத்தியிலம்பகத்தில் ஒரு காட்சி வருகிறது. சோலையில் ஆண்குரங்கு ஒன்று பலாப்பழத்தைத் தன் துணைக்குக் கொடுக்கிறது. காவலன் வந்து அதனைப் பறித்துக்கொள்கிறான். அதைக் கண்ட சீவகன், தன் தந்தையின் அரசைக் கட்டியங்காரன் கவர்ந்ததையும், அவனிடமிருந்து தான் கவர்ந்ததையும் எண்ணுகிறான். பழம் ஒன்றே, கைகள்தாம் மாறுகின்றன. அவ்வெண்ணமே அவனைத் துறவுக்குச் செலுத்துகிறது. எனினும் அவன் அரசை அப்படியே விட்டு நடந்துவிடவில்லை. மகன் சச்சந்தனுக்கு முறைப்படி முடிசூட்டிய பின்னரே தவம் மேற்கொள்கிறான்.

பற்றை விட்டவன் பொறுப்பை விடவில்லை. விடுத்தலும் ஒப்படைத்தலும் இங்கே ஒரே செயலின் இரண்டு பக்கங்களாகின்றன. இக்காப்பியம் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாறும் இதே பாடத்தைத்தான் உரைக்கிறது.

ஏடுகளின் ஆயுள்

பனையோலை நெடுங்காலம் நிற்பதன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும், செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பி, ஓர் ஏடு முந்நூறு அல்லது நானூறு ஆண்டு நிற்பதே அரிது. பின் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய நூல்கள் நம்மிடம் எப்படி வந்தன? ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் பழைய ஏட்டின் பணி நிறைவுற்றது. நூல் வாழ்ந்ததற்குக் காரணம் ஓலையைக் காத்தது மட்டுமன்று. படித்ததும் படியெடுத்ததும் ஆகும்.

அதனாலேயே உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நம் பெரியோர் தானமாக வகுத்தனர். கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சிராவகி, பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. அவருடைய ஆதரவில் ரன்னன் 993-இல் அஜிதபுராணம் பாடினான். உலகம் அவரைத் தான சிந்தாமணி என்று போற்றியது. ஒரே படியைப் பேழையில் பூட்டி வைத்திருந்தால் அவருக்கு அப்பெயர் கிடைத்திராது.

மூடபித்ரியின் வரலாறும் நினைக்கத்தக்கது. புஷ்பதந்தரும் பூதபலியும் இயற்றிய ஷட்கண்டாகமமும் வீரசேனரின் தவளா உரையும் அங்கிருந்த ஓலைச்சுவடிகளில் மட்டுமே எஞ்சியிருந்தன. பல தலைமுறைகளாக மக்கள் அவற்றைத் தரிசித்து வணங்கினர், படித்தவர் அரியர். பிறகு பெருமுயற்சியால் படியெடுக்கப்பட்டு, அறிஞர் ஹீராலால் ஜெயின் பதிப்பில் 1939 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறிய பின்னரே அவ்வாகமம் உலகோர் கற்கும் நூலாயிற்று. அந்நூல் நிறைவெய்தியதன் நினைவாகவே நாம் சுருத பஞ்சமி கொண்டாடுகிறோம். காத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். திறந்து கொடுத்தவர்களுக்கும் அவ்வாறே கடமைப்பட்டுள்ளோம்.

கும்பகோணத்தில் நிகழ்ந்தது

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைத் தேடத் தொடங்கினார். ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. சமயச் சொற்களும் மரபுகளும் அவருக்குப் புதியனவாக இருந்தன. அப்பொழுது கும்பகோணத்து ஜைனர் வீடொன்றுக்கு அவர் சென்றார். வாயிலில் தோரணமும் கோலமும் கண்டு என்ன விசேடம் என்று வினவ, சிந்தாமணி சிரவணம் அன்று நிறைவெய்தியதாக வீட்டார் கூறினர். பல மாதங்களாக அந்நூலை முறையாகப் படித்து வந்தவர்கள் அவர்கள்.

தமிழ்ப் புலவர் உலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு காப்பியம், ஒரு தெருவில், ஓர் இல்லத்தில், விழாவாக உயிரோடு இருந்தது. வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலிய நம் முன்னோர் அவருக்குச் சமயப் பொருளை விளக்கினர். 1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது. 3145 செய்யுட்களும் அன்று முதல் தமிழர் அனைவர்க்கும் உரியவாயின. அடுத்து 1889-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை சூளாமணியைப் பதிப்பித்தார்.

இவ்வரலாற்றில் நாம் மறைக்கக் கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. ஜைனர் அல்லாதார்க்கு ஏடு தருவதற்குத் தயங்கிய செல்வரும் அக்காலத்தில் நம்மிடையே இருந்தனர். அத்தயக்கத்திற்கு அச்சமும் பக்தியும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் எல்லோரும் அவ்வாறே இருந்திருப்பின் இன்று சிந்தாமணியின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

அந்நிலை வளையாபதிக்கு நேர்ந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்த ஜைன நூலில் இன்று கிடைப்பவை எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுட்களே. தம் இளமையில் அதன் ஏட்டைக் கண்டதாகவும், பதிப்பிக்கும் எண்ணத்தோடு பின்னாளில் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். அது நமக்கு ஒரு தலைமுறைக்குள் தவறிப்போனது.

வெள்ளமும் நெருப்பும்

ஆடிப் பதினெட்டில் பழைய சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும், சிதைந்த சுவடிகளைத் தீயில் இட்ட செய்தியையும் ஐயர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அவ்வாறு செய்தவர் நூலைப் பகைத்தவரல்லர். காக்கவும் இயலாமல், வீசவும் மனமில்லாமல், மங்கலமாக விடைகொடுக்க எண்ணினர். ஆனால் விடைகொடுக்கும் முன் எவரும் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. பிழை அங்கேயே நிகழ்ந்தது.

நம் காலத்தில் அவ்விடத்தைப் போகி பிடித்துள்ளது. பழையவை நீங்குவதும் புதியவை வருவதும் குற்றமாகா என்னும் நன்னூல் விதியை அந்நாளில் எல்லோரும் எடுத்துக்காட்டுவர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நம் சமயத்தார். அவர் அவ்விதியைக் கூறியது சொல்வழக்கு மாறுவதைக் குறித்தே. வீட்டுப் பொருளை எரிப்பதற்கு அன்று. மேலும், நெடுநாள் பரணில் கிடந்த பாயிலும் பெட்டியிலும் ஓலையிலும் சிற்றுயிர்கள் குடியிருக்கும். அவற்றோடு சேர்த்து எரிப்பது கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்குத் தகுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் செய்யத்தக்கவை

வீட்டைக் காலிசெய்யும் நாளில், முதலில் எதனையும் எடைக்குப் போடாமல் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வீட்டில் மூத்தவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்டல் வேண்டும். இந்த மரக்கால் எந்த நிலத்து நெல்லை அளந்தது, இந்த விளக்கு எந்தத் திருமணத்தில் வந்தது, இந்த ஏட்டை யார் படித்தார் என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளல் வேண்டும். பொருளோடு வந்த அறம் அச்சொற்களிலேதான் இருக்கிறது.

பாத்திரங்களும் மரப்பொருள்களும் புழங்குவார் கைக்குப் போகட்டும். பெரிய அண்டாவும் அடுக்கும் ஜினாலயத்து மடைப்பள்ளிக்கோ, விருந்து சமைக்கும் உறவினர்க்கோ பயன்படும். அவற்றில் ஒன்றை மட்டும் நினைவுக்கு வைத்துக்கொண்டால் போதும். வரையறை செய்துகொள்வதே விரதமாதலின், இங்கே விடுத்தலில் குறையேதுமில்லை.

ஏடும் பழைய அச்சு நூலும் வேறு வகையின. ஏட்டுக் கட்டைக் கண்டால், ஓலைகளை வலிந்து பிரிக்கலாகாது, நீரால் துடைக்கலாகாது. தூய துணியில் பொதிந்து, வசம்பு இட்டு, ஈரமில்லா இடத்தில் வைத்து, அறிந்தாரை அழைத்தல் வேண்டும். சட்டத்தையும் கயிற்றையும் கழற்றி எறியலாகாது. இறுதி ஏட்டில் எழுதியவர் பெயரும் ஊரும் ஆண்டும் இருப்பதுண்டு. அது அக்குடும்பத்தின் பிறப்புப் பத்திரம் போன்றது. முதலில் ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும் ஒளிப்படம் எடுத்து, உடன்பிறந்தார் அனைவரும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். இக்காலத்தில் ஆயிரம் படி எடுப்பதற்கு அத்திமப்பையின் செல்வம் தேவையில்லை.

அதன்பின் மூலத்தைத் தக்க இடத்தில் ஒப்படைக்கலாம். மேல்சித்தாமூர்த் திருமடம் நம் சமூகத்தின் நடுவிடம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், 1943-இல் தோன்றிய உ. வே. சா. நூல்நிலையமும் உள்ளன. தஞ்சையில் சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உள்ளன. பழைய அச்சு நூல்களுக்கு 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. அதுவே கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த நூல்களிலிருந்து பிறந்தது. எங்கே கொடுப்பினும் எழுத்துவழி ஒப்புகை பெறுதலும், குடும்பப் பெயரும் ஊரும் பதிவாகச் செய்தலும் நலம்.

இதில் காலத்தாழ்வு செய்ய இடமில்லை. கிரந்த எழுத்தும் மணிப்பிரவாள நடையும் கலந்த ஸ்ரீபுராணத்தைத் தடையின்றிப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய முதியோர் நம் ஊர்களில் குறைந்து வருகின்றனர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியை உரையோடு பதிப்பித்தபோது, ஏடும் இருந்தது, ஏட்டைப் படிப்பாரும் இருந்தனர். இனி வரும் தலைமுறையில் ஏடு இருந்தும் படிப்பார் இல்லாமற் போகலாம்.

பரணில் திறவாமல் வைத்திருப்பது பற்று. பாராமல் எறிவது மறதி. திறந்து பார்த்து, கேட்டு எழுதி, படியெடுத்து, தக்கார் கையில் சேர்ப்பதே தானம். நம் முன்னோர் நமக்குச் செய்தது அன்வயதத்தி. அதனை நாம் பெற்றதுபோலவே அறமும் பொருளும் பிரியாமல் அடுத்தவர்க்கு வழங்குவோமாக.

இவ்வாண்டு விழாவுக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் திரும்பும் முன் ஒருமுறை பரணில் ஏறிப் பார்த்துவிட்டு வருவாராக.