மீதியின்றி வகுபடும் எண்

அரபுக் கல்லூரிகளில் ஃபராயிள் எனும் வாரிசுரிமைப் பாகப்பிரிவினையைப் பயிலும் மாணவருக்கு 24 நன்கு பழகிய எண். ஒருவர் மனைவி, தாய், மகன் ஆகியோரை விட்டு மறைந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. எட்டாலும் ஆறாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 24. ஆகவே சொத்தை 24 பங்காக்கி, மனைவிக்கு 3, தாய்க்கு 4, எஞ்சிய 17 மகனுக்கு என்று தீர்ப்பர். 24க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு வகுத்திகள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை.

இவ்வாறு தமக்கு முந்திய எண்களையெல்லாம் வகுத்திகளின் எண்ணிக்கையில் விஞ்சி நிற்பவற்றை முறையாக ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். கும்பகோணத்தவர் என்றே அறியப்படும் அவர் 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தது நம் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில். வாடகைக் காரின் 1729ஐச் சொல்லி அவரைப் புகழ்வோர் பலர். ஆனால் 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது, முந்திய ஆண்டில் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த, இவ்வெண்கள் பற்றிய நெடிய ஆய்வுக்காகவே.

வகுத்திகளை எண்ணும் கலை பழையது. பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, அவற்றின் சேர்க்கைகளால் வகுத்திகளைக் கணக்கிடும் வழியை விளக்கினார். அவருடைய நூல் இராமானுஜனுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல இடமில்லை. அப்படிச் சொல்லிப் பெருமை தேடவும் வேண்டியதில்லை. வழி இதுதான்: 24 என்பது மூன்று 2களும் ஒரு 3உம் பெருகிய எண். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், நான்கு இரண்டு எட்டு.

இராமானுஜனின் அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. இறுதி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருகியுள்ளன. வகுத்திகள் 10,080. சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்கினும் குறையாது என்பதையும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும் என்பதையும் அவர் நிறுவினார். பட்டியலைவிட இந்நிறுவல்களே மேலானவை என்பது என் கருத்து.

முதல் உலகப்போர்க் காலம் அது. கழகத்தின் பொருள் நெருக்கடியால் ஆய்வின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997இல்தான் வெளிவந்தது. அச்சான அட்டவணையிலும் ஓர் எண் விடுபட்டிருந்தது: 2,93,31,86,25,600. அதன் வகுத்திகள் 5,040. அதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அந்த அட்டவணையின் கடைசி எண்.