ஒற்றை சாக்கெட்டா, இரட்டை சாக்கெட்டா: லண்டன் கணக்கு

லண்டன் டேட்டா சென்டரில் சர்வர் ராக் வாடகைக்கு எடுப்பவர் இடத்தைவிட மின்சாரத்தைத்தான் முதலில் பேச வேண்டும். 1990இல் டாக்லண்ட்ஸில் டெலிஹவுஸ் டேட்டா சென்டர் திறந்த காலம் வேறு. 2022இல் ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ பகுதிகளில் புதிய வீடுகளுக்கே மின் இணைப்பு தாமதமாகும் என்ற எச்சரிக்கை எழுந்தது. டேட்டா சென்டர்கள் மின்திறனை முன்கூட்டியே வளைத்துப்போட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டு பிராசஸர் சிப் ஏற்கும் இரட்டை சாக்கெட் மதர்போர்டுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம் இடச் சிக்கனம்: ஒரே பெட்டி, ஒரே பவர் சப்ளை, ஒரே விசிறி வரிசை, இரு மடங்கு கோர். ஆனால் ராக்குக்கு 4 கிலோவாட்தான் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் 800 வாட் இழுக்கும் சர்வர் ஐந்து போட்டாலே கோட்டா தீர்ந்துவிடும்; 42 அடுக்கு ராக்கில் பெரும்பகுதி காலியாகத்தான் கிடக்கும். மிச்சப்படுத்திய இடத்தை வைத்து என்ன செய்வது?

இரண்டாவது நியாயம் ஒருகாலத்தில் வலுவானது. ராமும் பிசிஐஇ பாதைகளும் போதாமல் இரண்டாவது சிப் வாங்கியவர்கள் பலர். 2017இல் ஏஎம்டியின் எபிக் சர்வர் சிப் அதை மாற்றியது: ஒற்றைச் சிப்பிலேயே 128 பாதைகள், எட்டு மெமரி சேனல்கள். அந்த முதல் தலைமுறையில் இரண்டு சிப் போட்டாலும் பாதைகள் 128தான். ஒவ்வொன்றும் தன் பாதைகளில் பாதியை மற்றதோடு பேசவே கொடுத்துவிடும். 2022இல் வந்த தலைமுறையில் ஒரு சிப்புக்கு 96 கோர், 12 சேனல் வரை உண்டு. 64 ஜிபி ராம் 12 போட்டால் 768 ஜிபி. நடுத்தர நிறுவனம் ஒன்றின் மெய்நிகர் சர்வர்களுக்கு இது தாராளம்.

இரட்டையில் இன்னொரு தொல்லை, பக்கத்துச் சிப்பின் ராமை எட்டிப் பிடிக்கும் தாமதம். டேட்டாபேஸ் இரு பக்கமும் பரவினால் அது தெரியும். எனவே என் ஓட்டு ஒற்றைக்கே. எபிக்கில் பெயர் ‘பி’ என்று முடியும் ஒற்றை சாக்கெட் சிப்கள் விலையும் குறைவு. லைசென்ஸில் மட்டும் ஏமாறக் கூடாது: விண்டோஸ் சர்வருக்கு எட்டு கோர் சிப் ஒன்று போட்டாலும் 16 கோருக்குப் பணம் கட்ட வேண்டும்.

இரட்டைக்கு உரிய இடம் எஸ்ஏபி ஹானா போல டேட்டா முழுவதையும் ராமில் வைக்கும் வேலைகள். அங்கே 12 பெரிய ராமைவிட 24 நடுத்தர ராம் மலிவாக முடியலாம்.

இரட்டை போர்டை வாங்கி ஒரு சிப் மட்டும் போட்டு, “மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்பவர்களும் உண்டு. அதுவரை பாதி ராம் இடங்களும் சில பிசிஐஇ இடங்களும் வேலை செய்யாது. பிறகு வாங்கும் சிப்பும் அதே மாடலாக இருக்க வேண்டும். அதற்குள் அது கடைகளில் கிடைக்காமலும் போகலாம்.