நாள் குறிக்கும் மன்றங்கள்

ஓர் அமைப்பு உயிரோடு இருக்கின்றதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதன் அடுத்த கூட்டம் என்று எனக் கேட்டால் போதும். விடை உடனே வருமாயின் அமைப்பு வாழ்கிறது. 'பார்க்கலாம்' என்று விடை வருமாயின் அது வாடத் தொடங்கிவிட்டது எனலாம். பத்தாண்டுகள் நடந்து வந்துள்ள நம் இலக்கிய வட்டத்தின் அன்பர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. நன்றியுரை முடியுமுன் அடுத்த திங்களின் நாளைக் குறித்துக் கொண்டு கலைவதனால்தான் இன்று இம்மலர் நம் கையில் இருக்கிறது.

இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுத முனைந்தபோது, நம் ஊரை ஆளும் மன்றங்களும் இதே கேள்விக்கு எவ்வாறு விடை சொல்லி வந்துள்ளன என்று பார்க்கத் தோன்றியது. மன்றம் அடுத்து என்று கூடும்? மன்றத்தினர் அடுத்து என்று தேர்ந்தெடுக்கப்படுவர்? இவ்விரண்டு நாள்களையும் குறிப்பவர் யார்? தமிழகத்து ஊராட்சி வரலாறு முழுவதையும் இம்மூன்று வினாக்களில் அடக்கிவிடலாம் என்பது என் துணிபு.

கெங்குவார்பட்டி, தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த பேரூர். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் நோக்கி வருவோர், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இவ்வூரைக் காண்பர். 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தினின்றும் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் ஆறு நகராட்சிகளுக்கும் இருபத்திரண்டு பேரூராட்சிகளுக்கும் இடையே கெங்குவார்பட்டியும் ஒரு பேரூராட்சி. பெரிய நகரங்களின் மாமன்றங்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதும். இத்தகைய பேரூர்களின் மன்றம் கூடியதும் கூடாததும் செய்தியாவதில்லை. ஆயினும் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மக்கள் முதலில் தேடிச் செல்வது அம்மன்றத்தைத்தான்.

இலக்கியத்தில் ஒரு குடம்

கவிஞர்கள் நிறைந்த வட்டம் இது. ஆதலின் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். அகநானூற்றின் 77ஆம் பாடல் மருதன் இளநாகனார் பாடிய பாலைப்பாட்டு. பொருள்தேடச் செல்லும் வழியின் கொடுமையைச் சொல்லும் அப்பாட்டில், இறந்துபட்ட வீரரின் குடரைப் பருந்து பிடுங்கி இழுக்கும் காட்சி வருகிறது. அதற்குப் புலவர் சொல்லும் உவமை வியப்பூட்டுவது. கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தை, முத்திரையைச் சரிபார்த்து உடைத்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கும் அலுவலரைப் போல என்கிறார். இதனைக் குடவோலை முறையின் பழஞ்சான்றாகக் கொள்ளும் அறிஞர் பலர். அவ்வாறு கொண்டால், தேர்தல் என்பது தமிழ்க் கவிதையில் முதன்முதலாகத் தலைகாட்டுவது ஒரு போர்க்கொடுமைக்கு உவமையாக. உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளாக இருத்தல் வேண்டும். முத்திரையிட்ட குடமும் அதனைத் திறக்கும் முறையும் அக்காலத்து மக்களுக்குப் பழகியவை என்பது இதனால் பெறப்படும்.

மானூரும் உத்தரமேரூரும்

மன்றத்தின் கூட்டம் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்குப் பாண்டிய நாட்டிலேயே பழைய கல்வெட்டு ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் மானூர் அம்பலவாணர் கோயிலில் உள்ளது அது. மாறஞ்சடையன் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டினது. ஊரில் நிலப்பங்குடையோரில் யார் யார் சபையில் அமர்ந்து பேசலாம் என்று அது வரையறுக்கிறது. அதனினும் சுவையானது மற்றொரு விதி. சபையில் எப்பொருள் வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் குறும்பு செய்வோரும் அவர்க்குத் துணை நிற்போரும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது கல்வெட்டு. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கூட்டத்தைக் குலைப்போர் இருந்திருக்கின்றனர். அவர்களைக் கண்டு சலித்த ஊராரும் இருந்திருக்கின்றனர். விதியைக் கல்லில் வெட்டி வைத்ததன் நோக்கம் தெளிவு. கூடுவது மட்டும் போதாது; கூடியதற்குப் பயன் விளைய வேண்டும்.

தேர்தலுக்குரிய சான்று யாவரும் அறிந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள். முதற்பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், அரசனின் அலுவலர் உடனிருக்க ஊர்ச்சபை செய்துகொண்ட ஏற்பாடுகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்பு என்பது இன்று நாம் வார்டு என வழங்குவதற்கு ஒப்பானது. கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராய், தம் மனையில் வீடு கட்டியிருப்பவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் உள்ளவராய், வேதக் கல்வியுடையவராய் இருப்போர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. கணக்குக் காட்டாது போனவர் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் விலக்கப்பட்டன. வாரியப் பொறுப்பு வகித்தவர் மூன்றாண்டு கழிந்த பின்னரே மீண்டும் வரலாம்.

குடத்தைத் திறக்கும் முறையை அக்கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. இளையோரும் முதியோரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி எடுத்து நிற்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குவார். வாங்கியதை உரக்க வாசிப்பார். மண்டபத்திலுள்ள நம்பிமார் அனைவரும் அதனை மீண்டும் வாசிப்பர். அதன் பின்னரே பெயர் ஏற்கப்படும். விரித்த உள்ளங்கையில் மாற்று ஓலை மறைந்திருக்க இயலாது. நம்பிக்கையை மனிதர்மேல் வைக்காமல் முறையின்மேல் வைத்தார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் வினாவிற்குரிய செய்தி ஒன்றும் அங்கே உளது. வாரியத்தார் பொறுப்பில் இருக்கும் காலம் முந்நூற்றறுபது நாள். சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் யாவரும் அந்நாள்கள் கழிந்ததும் விலகியாக வேண்டும். மறு தேர்வை என்று வைக்கலாம் என்று அவர்கள் ஆராய வேண்டுவதில்லை. நாளை முன்கூட்டியே விதி குறித்துவிட்டது.

இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நின்றுவிடுதல் வரலாறாகாது. உத்தரமேரூர்ச் சபை பிரமதேயத்துச் சபை. நிலமற்றோர்க்கும் பிற சாதியார்க்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. முறை செம்மையாக இருந்தது. வாயில் குறுகலாக இருந்தது. பிற்கால வரலாறு இதன் மறுதலையாக அமைந்ததை இனிக் காண்போம்: வாயில் அகன்றது, முறை தளர்ந்தது.

நாள் தவறிய காலங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தல சுயாட்சிக்கு வித்திட்டது. சென்னை மாகாணத்தில் 1884இல் தல ஸ்தாபனச் சட்டமும், 1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. விடுதலைக்குப் பின் 1950லும் 1958லும் பஞ்சாயத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சொத்தும் வரியும் பார்த்து வாக்களித்த காலம் போய், வயது வந்தோர் யாவரும் வாக்களிக்கும் காலம் வந்தது. ஊரகத்துக்கும் நகருக்கும் இடைப்பட்ட பேரூராட்சிகளுக்கு 1981இல் தனி இயக்ககம் அமைந்தது.

வாயில் இவ்வாறு அகன்றபோது, நாளைக் குறிக்கும் உரிமை மட்டும் மன்றத்தின் கையிலும் இல்லை. விதியின் கையிலும் இல்லை. அது மாநில அரசின் விருப்பத்தில் நின்றது. 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986இல்தான் வந்தது. இடையே கழிந்தவை பதினாறு ஆண்டுகள். 1970இல் பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவம் எய்திய பின்னரே தன் ஊருக்கு வாக்குப்பெட்டி வரக் கண்டது. 1986இல் அமைந்த மன்றங்களின் காலம் 1991இல் முடிந்தது. மீண்டும் ஐந்தாண்டுக் காத்திருப்பு.

இக்குறையை நீக்கவே அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் 1992இல் நிறைவேற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்தன. மன்றத்தின் ஆயுள் அதன் முதற்கூட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு. அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் தேர்தல். நடத்துவதற்கு மாநிலத் தேர்தல் ஆணையம். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள். உத்தரமேரூரின் முந்நூற்றறுபது நாளைப் போல, இங்கும் நாளை விதியே குறித்தது எனலாம். 1996 அக்டோபரில் இப்புதிய ஏற்பாட்டின்படி தமிழகத்தின் முதல் தேர்தல் நடந்தது. 2001, 2006, 2011 என ஐந்தாண்டு தவறாமல் தேர்தல்கள் தொடர்ந்தன. 2006ஆம் ஆண்டு அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில், உரிய காலத்தில் தேர்தலை முடிப்பது ஆணையத்தின் தட்ட முடியாக் கடமை என்று உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது.

ஆனால் நாள் குறிப்பது மட்டும் போதாது என்பதற்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. தேனிக்குக் கிழக்கே உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாப்பட்டியும் கீரிப்பட்டியும் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை ஏற்க மறுத்த ஊர்கள். 1996 முதல் பத்தாண்டுக் காலம் அங்கே தேர்தல் நாள்கள் வந்து வந்து வீணாயின. வேட்பாளர் இல்லாமலும், வென்றவர் உடனே விலகியும் பதவி வெறுமையாகவே கிடந்தது. 2006இல்தான் அங்கு முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். மேலூர் அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் கொலையுண்டார். அவரோடு வேறு சிலரும் உயிரிழந்தனர். விரிந்த உள்ளங்கையில் ஓலையை வாங்கிய மரபு நம்முடையது என்று பேசும்போது, இவற்றையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

பேரூரின் அமைதி

பேரூராட்சிகளின் நிலை தனிக்கதை. 2004இல் முப்பதாயிரத்திற்குக் குறைந்த மக்கள்தொகையுடைய 561 பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகள் என ஆயின. 2006இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் மாறி மாறி வந்தது. 1996, 2001, 2011 தேர்தல்களில் நேர்முகம். 2006லும் 2022லும் மறைமுகம். ஒரே வாக்காளர், ஒரே ஊர். ஆயினும் கையில் கிடைக்கும் வாக்குச்சீட்டின் பொருள் தேர்தலுக்குத் தேர்தல் வேறு.

இவற்றினும் பெரிய இடையூறு 2016இல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 17, 19 நாள்களில் வாக்குப்பதிவு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பழங்குடியினர்க்குரிய ஒதுக்கீடு சரிவரச் செய்யப்படவில்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அறிவிக்கை விதிப்படி அமையவில்லை எனக் கண்டு சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4ஆம் நாள் அதனை நீக்கியது. அம்மாதமே மன்றங்களின் காலமும் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தனர். வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், வழக்குகள் எனக் காலம் நீண்டது. தேனி உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 நாள்களில் வாக்குப்பதிவு நடந்தது. நகர்ப்புறங்களோ 2022 வரை காத்திருந்தன. கெங்குவார்பட்டி போன்ற பேரூர்கள் மன்றமின்றி இருந்தது ஐந்தாண்டுகளும் நான்கு மாதங்களும். ஒரு மன்றத்தின் முழு ஆயுளினும் மிகுதி.

அக்காலத்தில் வேலைகள் நின்றுவிடவில்லை. வரி வாங்கப்பட்டது, விளக்கு எரிந்தது, செயல் அலுவலர் இருந்தார். இல்லாது போனது எது? மன்றம் இருக்கும்போது கூட்டத்திற்கு நாள் குறிப்பர். கூட்டப்பொருள் எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்புவர். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், ஒருவர் 'அன்று' என்பார். எல்லாம் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறும். தனி அலுவலர் காலத்திலும் தீர்மானங்கள் எழுதப்பட்டன. ஆனால் முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் ஏற்றவரும் ஒருவரே. 'அன்று' என்று சொல்ல அங்கே எவருமில்லை. மானூரார் எதற்கெடுத்தாலும் மறுப்போர்க்குத் தண்டம் விதித்தனர். மறுப்பதற்கு ஆளே இல்லாத மன்றத்தை அவர்கள் எண்ணியும் பார்த்திரார்.

பின்னர் நாள் வந்தபோது விரைந்தே வந்தது. 2022 ஜனவரி 26இல் அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை வேட்புமனு, 5இல் மனு ஆய்வு, 7இல் விலகல், 19இல் வாக்குப்பதிவு, 22இல் எண்ணிக்கை, மார்ச் 2இல் உறுப்பினர் பதவியேற்பு, 4ஆம் நாள் காலை தலைவர் தேர்தல், பிற்பகல் துணைத் தலைவர் தேர்தல். 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 490 பேரூராட்சிகளுக்குமாக அறிவிக்கப்பட்ட இவ்வட்டவணை நாற்பது நாளுக்குள் முடிந்தது. நாற்பது நாளில் முடியக்கூடிய செயலுக்காக ஐந்தாண்டுக்கு மேல் ஊர்கள் காத்திருந்தன என்பதே இவ்வட்டவணை நமக்குச் சொல்லும் செய்தி.

இனி வரும் நாள்

வரலாறு இத்துடன் முடியவில்லை. 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் நிறைவுற்றபோது, அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். 2022 மார்ச்சில் முதன்முதல் கூடிய நகர்ப்புற மன்றங்களுக்கு அரசியலமைப்பு வகுத்த ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவுறும். அதற்குமுன் அடுத்த தேர்தல் முடிந்திருத்தல் வேண்டும் என்பதே விதி. 2016 சட்டத் திருத்தத்தின்படி பாதி இடங்கள் பெண்களுக்குரியவை. உத்தரமேரூர்க் குடத்தில் இடமே பெறாதவர்க்கு இன்று பாதிக் குடம் உரிமையாயிற்று. அக்குடம் திறக்கப்படும் நாள் தள்ளிப்போகுமாயின், அவ்வுரிமையும் உடன் தள்ளிப்போகும்.

முன்னோர்க்கு முறை இருந்தது, அகன்ற வாயில் இல்லை. நமக்கு அகன்ற வாயில் இருக்கிறது, நாள் உறுதியில்லை. இரண்டும் ஒருங்கே அமைவதைக் காண்பதே இனி எழுதப்படும் வரலாற்றின் பொருளாக வேண்டும்.

கவிஞர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். குடத்தின் முத்திரையை உடைத்த அலுவலரைக் கண்டு, மறவாமல் பாட்டில் வைத்தவர் ஒரு கவிஞர்தாம். கண்டதைக் குறித்து வைப்பது நம் தொழில். அடுத்த முறை பேரூராட்சி அலுவலகத்தைக் கடந்து செல்லும்போது, உள்ளே சென்று அடுத்த மன்றக் கூட்டம் எந்நாள் என்று கேட்போம். விடையைக் குறித்துக் கொள்வோம். நம் வட்டத்தின் அடுத்த கூட்ட நாளையும் அதே தாளில் எழுதி வைக்கலாம்.